ஆறாந்தேதி அத்தை

டிசம்பர் இருபத்தாறாம் தேதி காலையில் எங்கள் சந்தில் ஒரு வாக்கியத்தை மட்டும் யாரும் சொல்லிவிடக் கூடாது. 'கிறிஸ்மஸ் முடிஞ்சிபோச்சி.' முந்தின நாள் பிரியாணி இன்னும் செரிக்காத வயிறோடு பால் பாக்கெட் வாங்கக் கிளம்புகிறவர்களுக்கு வாயில் முதலில் வருவது அதுதான். வந்தால் தொலைந்தார்கள்.

"இன்னாது? முட்ஞ்சிபோச்சா? யாரு முட்ச்சது, நீயா? உங்க மாமனாரா?"

குரல் சந்தின் கடைசி வீட்டிலிருந்து வரும். குரலுக்குப் பின்னால் அத்தை வருவாள். குள்ளம். நைட்டிக்கு மேல் ஒரு துண்டு, அந்தத் துண்டு முழுக்க நூல் பிசிறு.

"இல்லத்த, ஒரு பேச்சுக்கு..."

"பேச்சுக்கா? கொயந்த பொறந்து ஒரு நாள்தான் ஆவுது. பெத்தவளுக்கு இடுப்பு வலி கூட நிக்கல. அதுக்குள்ள தொட்டில அவுக்கச் சொல்றியே, மனுசனா நீ? ஆறாந்தேதி வரைக்கும் கிறிஸ்மஸ். போய் பால வாங்கு, போ."

இப்படித்தான் ஆறாந்தேதி அத்தை என்ற பெயர் வந்தது. ரேஷன் கார்டில் வேறொரு பெயர் இருந்தது, அதைச் சொல்லி யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. எனக்கு அத்தை, என் அம்மாவுக்கும் அத்தை, ஐஸ் வண்டி தள்ளுகிற முனுசாமி அண்ணனுக்கும் அத்தை. கோயிலுக்குப் புதிதாக மாற்றலாகி வந்த ஃபாதர் கூட இரண்டாவது வாரமே "அத்தை, நல்லா இருக்கீங்களா?" என்று கேட்டார்.

ராயபுரத்தில் எங்கள் சந்தின் ஒரு முனை ரயில் பாதை, மறுமுனை கடல். நடுவில் பதின்மூன்று வீடுகள். பாதிக்கு மேல் வேதக்காரர்கள் என்கிற கிறிஸ்தவர்கள், மிச்சம் மற்றவர்கள். அத்தைக்கு பனியன் வேஸ்ட் கிடங்கில் வேலை. திருப்பூரிலிருந்து மூட்டை மூட்டையாக வருகிற கழிவுத் துணியைப் பிரித்து, ஊக்கும் பட்டனும் ஜிப்பும் பொறுக்கி எடுத்துவிட்டு, சுத்தமான துணியை வேறாகக் கட்டவேண்டும். கப்பலிலும் பட்டறையிலும் எண்ணெய் துடைக்க அதுதான் போகும். அத்தை கட்டிய மூட்டையில் ஒரு ஊக்கு கிடைத்ததாக யாரும் சொன்னதில்லை. எதையும் பாதியில் விடத் தெரியாது. மாத்திரைச் சீட்டில் ஐந்து நாள் என்று எழுதியிருந்தால், மூன்றாவது நாளே காய்ச்சல் போய்விட்டாலும் ஐந்து நாளும் விழுங்குவாள். சீரியல் நன்றாக இல்லை என்று திட்டிக்கொண்டே கடைசி எபிசோடு வரை பார்ப்பாள்.

ஒரு வருடம் எங்கள் எதிர்வீட்டு லாரன்ஸ் மாமா, கரண்ட் பில்லுக்குப் பயந்து இருபத்தேழாம் தேதியே ஸ்டாரைக் கழற்றிவிட்டார். கிடங்கிலிருந்து திரும்பிய அத்தை நின்று மேலே பார்த்தாள். வீட்டுக்குப் போய் ஸ்டூலை எடுத்து வந்தாள், லாரன்ஸ் மாமா வீட்டுக்குள்ளேயே போய், பீரோ மேலிருந்த ஸ்டாரை எடுத்தாள், ஏறிக் கட்டினாள், ஸ்விட்சைப் போட்டாள். மாமா சாப்பிட்டுக்கொண்டிருந்த தட்டோடு வெளியே வந்தார்.

"இன்னா அத்த இது, ரவுடித்தனம் பண்ற?"

"நீ கம்முனு சாப்புடு நைனா. வெளியூர்லருந்து ஆளு வந்துகினு கீறாங்க. வெளக்க அணச்சிட்டா எப்டி வருவாங்க?"

வெளியூர் ஆள் என்றால் ராஜாக்கள். மூன்று ராஜாக்கள். இதைச் சொல்லாமல் அத்தையைச் சொல்ல முடியாது.

மற்ற ஊர்களில் குடில் வைக்கும்போதே ஆடு, மாடு, இடையர்களோடு சேர்த்து மூன்று ராஜாக்களையும் வைத்துவிடுவார்கள். அத்தை வைக்கவிட மாட்டாள். "அவங்க தூரத்துலருந்து வரணும். கொயந்த பொறக்கும்போதே பக்கத்துல நின்னுகினு இருந்தா அவங்க ராஜாவா, ஆஸ்பத்திரி ஆயாவா?" என்பாள். அதனால் எங்கள் சந்தில் ராஜாக்கள் நடந்து வந்தார்கள். கிறிஸ்மஸ் அன்று கடல் முனையில் முனுசாமி அண்ணன் வீடு. அவர்கள் வேதக்காரர்கள் இல்லை. ஆனால் கிழக்கு அந்தப் பக்கம்தான், ராஜாக்கள் கிழக்கிலிருந்துதானே வந்தார்கள். அங்கே ஒரு இரவு தங்கல். மறுநாள் சாயங்காலம் அடுத்த வீடு. அப்படியே வீடு வீடாக மேற்கே நகர்ந்து, ஜனவரி ஐந்தாம் தேதி அத்தை வீட்டுக்கு முந்தின வீடான எங்கள் வீடு. ஆறாம் தேதி அத்தையின் குடில்.

முழங்கை உயரச் சொரூபங்கள். தாடிக்கார ராஜா, தாடியில்லாத ராஜா, கருப்பு ராஜா. தாடிக்காரருக்கு மூக்கு உடைந்து எம்சீல் வைத்து ஒட்டியிருந்தது. கருப்பு ராஜாவைப் பற்றிக் குழந்தைகள் கேட்டால் அத்தையின் மகன் டோனி அண்ணன்தான் பதில் சொல்லும். "இவுரு நம்ம ஏரியாக்காரு. எண்ணூர் கரி யார்டு வழியா வந்தாரு, அதான் இந்தக் கலரு."

ஒவ்வொரு வீட்டு வாசலிலும் ராஜாக்களைத் தூக்கி வந்தவர்கள் நின்று கேட்க வேண்டும்: "ராஜாங்க வந்துகிறாங்க. எடம் கீதா?" வீட்டுக்காரர்கள் உள்ளேயிருந்து சொல்ல வேண்டும்: "கீது. உள்ள வாங்க." வீட்டு ஆள்தான் சொல்ல வேண்டும், வந்த விருந்தாளியோ பக்கத்து வீட்டுக்காரரோ சொன்னால் செல்லாது. பதில் வந்தபின்தான் நிலைப்படியைத் தாண்டலாம். இதெல்லாம் அத்தை போட்ட சட்டம். "பெத்லகேம்ல அன்னிக்கி ஒருத்தனும் எடம் குடுக்கலல்ல, எங்கம்மா இன்னும் அந்த காண்டுலயே கீது" என்று டோனி அண்ணன் சிரிக்கும்.

கோயிலில் மூன்று ராஜாக்கள் திருநாளை அந்த வாரத்து ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றிவிடுவார்கள். புது ஃபாதர் பாவம், அதை அத்தையிடம் விளக்கப் பார்த்தார்.

"ஃபாதரு, உங்க தோது உங்களுக்கு. ராஜா ஒட்டகத்து மேல வர்றவரு. லீவு பாத்தா வருவாரு?"

"அத்தை, திருச்சபை ஒழுங்கும்மா அது."

"நான் இன்னா ஒழுங்கு தப்பிட்டேன்? ஞாயித்துக்கெயம உங்க பூசைக்கு வர்றேன். ஆறாந்தேதி நீங்க எங்க சந்துக்கு வாங்க. கணக்கு சரியாப்பூடும்."

ஃபாதர் வந்தார். கலகலாப் பலகாரம் தின்றுவிட்டுப் போனார்.

இதுவரை சொன்னதை வைத்து அத்தையை ஒரு வேடிக்கை மனுஷி என்று நினைத்துவிடலாம். நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன், ஸ்டெல்லா அக்கா வீட்டு வாசலில் அவள் உட்கார்ந்த அன்று வரைக்கும்.

ஸ்டெல்லா அக்கா வீடு சந்தின் நடுவில். அவள் வீட்டுக்காரருக்குத் துறைமுகத்தில் கன்டெய்னர்களை இரும்புக் கம்பியால் பிணைக்கிற வேலை. ஒரு நவம்பர் மழையில் மேலிருந்து வழுக்கி விழுந்து இறந்துபோனார். இறப்பு நடந்த வீட்டில் ஒரு வருடம் பண்டிகை இல்லை, ஸ்டார் கட்ட மாட்டார்கள், பலகாரம் சுட மாட்டார்கள். அதனால் ராஜாக்கள் அந்த வருடம் அந்த வீட்டைத் தாண்டி அடுத்த வீட்டுக்குப் போவது என்று சந்தே பேசி முடிவு செய்தது. அத்தை ஒத்துக்கொள்ளவில்லை.

"துக்கம் கீற வூட்ட பாத்து ராஜா மூஞ்ச திருப்பிகினு போவாரா? அப்ப எந்த வூட்டுக்குத்தான் வர்றாரு அவுரு?"

மூன்று சொரூபங்களையும் தானே தூக்கிக்கொண்டு போனாள். "ராஜாங்க வந்துகிறாங்க. எடம் கீதா?" என்றாள். ஸ்டெல்லா அக்கா கதவைச் சாத்தினாள். அத்தை படியில் உட்கார்ந்தாள், மடியில் ராஜாக்களோடு.

"எங்க வூட்ல எதுவும் இல்ல. போ அத்த."

"நான் எதுவும் கேக்கலடி. எடம் கீதான்னுதான் கேட்டேன்."

"இல்ல. எடம் இல்ல. போ."

"போ மாட்டேன்."

வேலைக்குப் போனவர்கள் திரும்புகிற நேரம். ஒவ்வொருவராக நின்றார்கள். சிலருக்கு அத்தையைப் பார்த்துக் கண் கலங்கியது. "இன்னா பாசம் பாரு" என்றார்கள். என் அம்மா மட்டும், "பாவம்டா ஸ்டெல்லா, அவள அழக்கூட உட மாட்டேங்குது" என்றாள். கடைசியில் உள்ளேயிருந்து "கீது" என்று ஒரு சத்தம் கேட்டது. கதவு திறந்தது. அத்தை உள்ளே போய் ராஜாக்களை டிவி மேல் வைத்துவிட்டு, ஸ்டெல்லா அக்காவின் தலையைத் தடவிவிட்டு வந்துவிட்டாள். மறுநாள் சாயங்காலம் எடுக்கப் போனபோது சொரூபங்கள் வாசலுக்கு வெளியே, படியில் இருந்தன. ஸ்டெல்லா அக்கா அதற்குப் பிறகு வெகுநாள் அத்தையோடு பேசவில்லை. அத்தை அதைக் கண்டுகொள்ளவுமில்லை. அவளைப் பொறுத்தவரை ஒரு வீடும் விடுபடவில்லை, ராஜாக்கள் தேதி தவறாமல் வந்துவிட்டார்கள்.

டோனி அண்ணன் ஒரே பிள்ளை. அண்ணன் கைக்குழந்தையாக இருக்கும்போதே அதன் அப்பா போய்விட்டார். அண்ணனுக்கு மணலிப் பக்கம் ஒரு கம்பெனியில் கான்ட்ராக்ட் வேலை, பெரிய தொட்டிகளுக்குள் இறங்கிக் கசடு வழித்துச் சுத்தம் செய்வது. எங்கள் வீட்டிலிருந்து அத்தை வீட்டுக்கு, அந்தக் கடைசிப் பத்தடிக்கு, கருப்பு ராஜாவைத் தூக்குவது சிறுவயதிலிருந்தே அண்ணனின் உரிமை. வாசலில் நின்று "எடம் கீதா?" என்று அது கத்தும்போது, உள்ளேயிருந்து அத்தை தன் தொண்டையெல்லாம் திறந்து "கீதுடா ராஜா, உள்ள வா!" என்பாள். சந்தே கை தட்டும். அத்தோடுதான் எங்களுக்குக் கிறிஸ்மஸ் முடியும்.

ஸ்டெல்லா அக்கா வீட்டில் நடந்ததற்கு இரண்டு வருடம் கழித்து, ஆறாம் தேதி வேலை நாளாக வந்தது. காலையில் அண்ணன் பைக்கை எங்கள் வாசலில் நிறுத்தி எட்டிப் பார்த்தது. ராஜாக்கள் எங்கள் ஃப்ரிட்ஜ் மேல் இருந்தார்கள்.

"தம்பி, கருப்பு மேல எவன் கையும் படக் கூடாது. சாயங்காலம் நான் வந்து தூக்கிக்கிறேன்."

"லேட்டாயிட்டா, அண்ணா?"

"ஆனா ஆவட்டும். ஒட்டகத்துல வர்றவருக்கு இன்னா அவசரம்?" பக்கத்து வாசலில் நின்ற அத்தையிடமும் சொன்னது: "ம்மா, நான் வர்றதுக்குள்ள அவசரப்பட்டு தூக்கியாந்துடாத. சொல்லிட்டேன்."

"வந்து சேரு மொதல்ல."

தொட்டிக்குள் வாயு இருந்தது. இறங்கின அண்ணன் ஏறவில்லை. அண்ணனைத் தூக்க இறங்கின இன்னொருவரும் ஏறவில்லை.

ஜி.எச்சிலிருந்து உடல் வந்து, பூசை முடிந்து, கல்லறையிலிருந்து எல்லோரும் திரும்பி வந்த சாயங்காலம் அது. என் அப்பா ஒரு முடிவோடு இருந்தார். துக்க வீடு என்று ராஜாக்கள் தாண்டிப் போகக் கூடாது என்பது அத்தையின் சட்டம். அதை அத்தை வீட்டுக்கே நாம் மீறலாமா? தேதி தவறிவிட்டது, இன்றைக்காவது கொண்டுபோய் வைத்துவிட்டால் அவளுக்கு ஆறுதலாக இருக்கும் என்று நினைத்தார். அத்தையை இரண்டு பெண்கள் தாங்கி அழைத்துவர, அப்பா கருப்பு ராஜாவை மார்போடு அணைத்துக்கொண்டு எங்கள் வாசலில் நின்றார்.

"அத்த, கொண்டாரட்டா?"

அத்தை நின்றாள். அழுது வீங்கிய முகத்தில் கண்கள் மட்டும் கூர்மையாக இருந்தன, மூட்டையில் ஊக்கு தேடுகிற கண்கள்.

"எங்க எட்த்துனு வர்ற?"

"வூட்டுக்குத்தான் அத்த..."

"டோனி வந்து தூக்கறன்னு சொல்லிகிறான்ல? உள்ள வெய்."

அப்பா உள்ளே போய் வைத்துவிட்டு, ஃப்ரிட்ஜைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

அத்தையின் வாசலில் ஸ்டார் எரிந்துகொண்டேயிருந்தது. குடிலும் அப்படியே, வைக்கோல், ஆடு, மாடு, பாலன் இயேசு எல்லாம். கோயிலில் குடிலைப் பிரித்தார்கள். பிப்ரவரி இரண்டாம் தேதி, காணிக்கை மாதா திருநாளும் வந்தது. பழைய காலத்துக் கணக்கில்கூடக் கிறிஸ்மஸை அதற்கு மேல் இழுக்க இடம் கிடையாது. ஸ்டார் எரிந்தது. சாம்பல் புதன் அன்று எல்லோரும் நெற்றியில் சாம்பலோடு அந்த ஸ்டாருக்குக் கீழேதான் நடந்து போனோம். தவக்காலத்தில் ஃபாதர் வந்து திண்டாடிப் பேசினார்.

"அத்தை, ஆண்டவரே பாடுபடப் போற நேரம். இன்னும் குடில் வெச்சிருக்கலாமா?"

"ராஜாங்க இன்னும் வர்ல ஃபாதரு," என்றாள் அத்தை. பேருந்து வரவில்லை என்பதுபோல அவ்வளவு சாதாரணமாக. "வராம எப்டி பிரிக்கிறது? நீங்களே சொல்லுங்க."

ஃபாதர் குடிலைக் கும்பிட்டுவிட்டுப் போனார்.

பித்துப் பிடித்துவிட்டது என்று சொல்லத் தோன்றும். அதுவும் இல்லை. கிடங்குக்குப் போனாள், துணி பிரித்தாள், மீன் வாங்கினாள், கல்லறைக்குப் போய் மெழுகுவர்த்தி ஏற்றினாள். மகன் செத்துவிட்டான் என்று அவளுக்குத் தெரியும். ஆனால் தினமும் வேலை முடிந்து வரும்போது எங்கள் வாசலில் நின்று அம்மாவிடம் கேட்பாள்.

"கீறாங்கல்ல?"

"கீறாங்க அத்த."

"சரி."

அம்மா வாரம் ஒருமுறை மூவரையும் துடைத்து வைப்பாள். கருப்பு ராஜாவைத் துடைக்கும்போது மட்டும் எங்களை அந்தப் பக்கம் போகச் சொல்லிவிடுவாள்.

மே மாத வெயிலில் ஸ்டாரின் சிவப்பு வெளுத்துப்போய்விட்டது. பக்கத்துத் தெருக்காரர்கள் செல்போனில் படம் எடுத்துக்கொண்டு போனார்கள். சந்துக்குள்ளேயே முணுமுணுப்பு ஆரம்பித்தது. அப்போதுதான் ஒரு சாயங்காலம் ஸ்டெல்லா அக்கா எங்கள் வீட்டுக்குள் வந்தாள். கேட்கவில்லை, நேராக ஃப்ரிட்ஜுக்குப் போய் கருப்பு ராஜாவை எடுத்து முந்தானைக்குள் வைத்துக்கொண்டாள். அம்மா தடுத்தாள்.

"ஸ்டெல்லா, வேணாம்டி."

"என் வூட்டுக்கு மட்டும் கொண்டாந்துச்சில்ல? அன்னிக்கி யாருனா வேணாம்னீங்களா?"

போய் அத்தையின் வாசலில் நின்றாள். "ராஜா வந்துகிறாரு. எடம் கீதா?"

அத்தை எட்டிப் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்தினாள். ஸ்டெல்லா அக்கா படியில் உட்கார்ந்தாள். நானும் அம்மாவும் எங்கள் வாசலிலேயே நின்றோம், எல்லாம் காதில் விழுகிற தூரம்.

"தொறக்க மாட்டேன்டி," உள்ளேயிருந்து அத்தை.

"நானும் போ மாட்டேன்."

ஒரு மின்சார ரயில் போய் அதன் சத்தம் அடங்கியது. பிறகு கதவு லேசாகத் திறந்தது. அத்தை நிலைப்படிக்கு உள்ளே தரையில் உட்கார்ந்தாள். படிக்கு வெளியே இவள், உள்ளே அவள்.

"ஸ்டெல்லா, அன்னிக்கி நான் கொண்டாந்தேனே... உனுக்கு எப்டி இருந்துச்சி?"

ஸ்டெல்லா அக்கா சண்டை போடத்தான் வந்திருந்தாள். இந்தக் கேள்வியை எதிர்பார்க்கவில்லை. ராஜாவின் கிரீடத்தைத் தடவினாள்.

"அதுவரிக்கும் அவுரு ட்யூட்டில இருந்தாரு அத்த. அடக்கம்லாம் பண்ணிட்டு வந்தாங்க, இருந்தாலும் எனுக்கு அவுரு ட்யூட்டிக்குப் போயிருந்தாரு. லேட்டா வருவாருன்னு இருந்தேன். நீ 'எடம் கீதா'ன்னு கேட்ட. நான் 'கீது'ன்னேன். சொன்ன ஒடனே வூட்ட திரும்பிப் பாத்தேன். எடம் இருந்துச்சி. அவுரு படுக்குற எடம். அப்பதான் அவுரு செத்தாரு."

அத்தை தலையை ஆட்டினாள்.

"இப்ப தெரியுதுடி," என்றாள். "எட்த்துனு போயிடு. கால்ல வேணா உயுறேன்."

ஸ்டெல்லா அக்கா எழுந்தாள். கருப்பு ராஜாவை எங்கள் வீட்டுக்குத் திரும்பக் கொண்டுவந்து, இருந்த இடத்திலேயே, முகம் வாசலைப் பார்க்கிற மாதிரி வைத்தாள். "இத யாருனா தொட்டீங்க, மரியாத கெட்டுடும்," என்று அப்பாவிடமே சொல்லிவிட்டுப் போனாள். அதன் பிறகு அந்த ஸ்டாரைப் பற்றி யாராவது வாயைத் திறந்தால் சந்தின் நடுவிலிருந்து ஸ்டெல்லா அக்காவின் குரல்தான் வந்தது. பல்பு ஃப்யூஸ் ஆனபோது ஸ்டூல் போட்டு ஏறி மாற்றியதும் அவள்தான்.

நவம்பர் மழையில் அத்தைக்குக் காய்ச்சல் வந்தது. கிடங்கின் ஈரத்துணி நெஞ்சில் இறங்கிவிட்டது என்றார்கள். ஆஸ்பத்திரியில் அம்மா கூட இருந்தாள். உயிர் போவதற்கு முந்தின நாள் கூட அத்தை அவளிடம் கேட்டிருக்கிறாள்: "கீறாங்கல்ல?"

உடலைக் கொண்டுவந்து குடிலுக்கு எதிரே வைத்தார்கள். சொந்தம் என்று ஒரே ஒரு தங்கை, தூத்துக்குடியிலிருந்து வந்துகொண்டிருந்தாள். உடல் கெடாமல் வைக்கிற கண்ணாடிப் பெட்டியைக் கொண்டுவந்த ஆள் ஒயரைக் கையில் வைத்துக்கொண்டு சுவரெல்லாம் தேடினான். அந்த வீட்டில் வேலை செய்கிற ப்ளக் ஒன்றுதான்.

"இந்த ஸ்டாரு ஒயர புடுங்கிட்டு சொருவிக்கட்டா?"

அவன் எங்கள் முகங்களைப் பார்த்துக் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டான். லாரன்ஸ் மாமா ஓடிப்போய் எங்கள் வீட்டிலிருந்து எக்ஸ்டென்ஷன் பெட்டியை இழுத்துவந்தார். கண்ணாடிப் பெட்டியின் மோட்டார் உறுமத் தொடங்கியது. ஸ்டார் பகலில், மழையில், எரிந்தது.

ஸ்டெல்லா அக்கா எங்கள் வீட்டுக்குள் போனாள். யாரும் தடுக்கவில்லை. கருப்பு ராஜாவை மார்போடு அணைத்துக்கொண்டு வெளியே வந்தாள். கூட்டம் வழிவிட்டது. அத்தை வீட்டு நிலைப்படிக்கு முன்னால் நின்றாள்.

"ராஜா வந்துகிறாரு அத்த. எடம் கீதா?"

உள்ளே மோட்டார் சத்தம் மட்டும். யார் வேண்டுமானாலும் சொல்லியிருக்கலாம், ஆனால் அது அந்த வீட்டு ஆள் சொல்ல வேண்டிய பதில். அந்த வீட்டில் ஆள் இல்லை.

ஸ்டெல்லா அக்கா இன்னொரு முறை கேட்கவில்லை. முந்தானையால் ராஜாவின் தலையை மழை படாமல் மூடினாள். படியில் உட்கார்ந்தாள். சவப்பெட்டியைத் தூக்க ஆட்கள் வந்தபோது கொஞ்சம் நகர்ந்து வழிவிட்டாள், எழுந்திருக்கவில்லை.